மூன்றாம் கிளை

கோப்பின் பெயர் நில மேம்பாடு.
அடியில் என் பெயர்: யென் ஷியூச்சின், மதிப்பீட்டாளர்.
ஹுவாய் ஆற்றுக்குத் தெற்கே
நூற்றெழுபது துண்டு வயல்களை
அறுபது செவ்வகங்களாக்க வேண்டும்.
வளைந்ததெல்லாம் நேராக வேண்டும்.

மேம்படுத்த முதலில் தோண்ட வேண்டும்.
தோண்ட இயந்திரம்,
இயந்திரத்துக்கு டீசல்,
டீசலுக்கு என் பட்டியலில் ஒரு கட்டம்.
கட்டத்துக்குள் யுவான் இருக்கும்.
புகை இருக்காது.

இந்த ஆண்டு படிவத்தின் வலக்கோடியில்
புதிதாக ஒரு பத்தி:
கரிமம், டன்னில்.
நிரப்பாவிட்டால் கோப்பு திரும்பிவரும்.
ஆகவே நிரப்பினேன்,
குடுவையில் வெந்நீர் ஆறும்வரை,
பிறகு ஆறிய நீரைக் குடித்துக்கொண்டு.

மண் அள்ளும் இயந்திரங்கள்தாம் குற்றவாளி என்றிருந்தேன்.
அவை ஓரமாய் நின்றுகொண்டன.
பெரும்பங்கைத் தின்றிருந்தது சிமென்ட்.
வயலைப் பார்க்குமுன்பே
சூளையில் மூச்சை விட்டுவிட்டு வருகிற சாம்பல் மாவு.
கடலடிச் சிப்பிகள் கல்லாகி
கோடானுகோடி ஆண்டு அடக்கிவைத்திருந்த மூச்சு.
அதை எடுத்துவந்து
ஒரு தாவலில் தாண்டக்கூடிய வாய்க்காலுக்குப் பூசுகிறோம்.

மேல்மண்ணை உரித்துக் குவித்து
மறுபடி பரப்புவோமே,
அந்தக் கருப்பு வெயிலில் வெளுக்கும்போது
மண்ணும் எதையோ விட்டுவிடுகிறது.
அதற்குப் பத்தியில் இடமில்லை.
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

அறுவடை முடிந்த வாரம் அளக்கப் போனேன்.
இரண்டாம் கிளைக்கு ஆறாண்டுக்கு முன்பே சிமென்ட்.
பனிக்காலம் அதில் கோடு கிழித்திருந்தது.
சரிவில் ஒரு பலகை சாய்ந்திருந்தது,
குறுக்கே ஆணியடித்த மூங்கில் சிம்புகளோடு.
"வாத்துக்கு" என்றார் ஹௌ தெஷெங்.
"விழுந்தால் ஏறத் தெரியாது. வழவழப்பு."

நல்ல சாட்சி கிடைத்தார் என்று
மூன்றாம் கிளையைக் காட்டினேன்.
மண்கரை, கோரை, நத்தை, சேறு.
இதை இப்படியே விடலாமா?
அவர் என்னைப் பார்த்த பார்வையில்
ஐம்பத்தெட்டு வயது முதுகு இருந்தது.
"ஆண்டுக்கு இரண்டு முறை தூர் வாருவது நான்.
மகன் நிங்போவில் டயர் மாட்டுகிறான்.
எனக்கும் சிமென்ட் போடு.
வாத்துக்குப் பலகை நான் செய்துகொள்கிறேன்."

திரும்பும் வழியெல்லாம் வாய்திறக்கவில்லை.
அன்றிரவு பட்டியலை மறுபடி பிரித்தேன்.
மதகிலும் திருப்பத்திலும் மட்டும் கான்கிரீட்,
மற்ற இடத்தில் சாய்கரை, புல்விதை.
மேட்டில் வெட்டியது பள்ளத்துக்கே போகட்டும்,
ஒன்பது கிலோமீட்டர் லாரியில் ஊர்சுற்ற வேண்டாம்.
இடித்த பம்புசெட் அறையின் செங்கல்
பாதைக்கு அடியில் படுக்கட்டும்.
பாதையும் அரை மீட்டர் ஒடுங்கட்டும்:
அறுவடை இயந்திரம் கல்யாண ஊர்வலமா போகிறது?

கடைசியாகப் புது வரி ஒன்று:
தூர்வாரும் கூலி, ஐந்தாண்டு, இரண்டு ஆள்.
யுவான் கட்டம் நிறைந்தது.
வலக்கோடியில் ஏறக்குறைய சுழியம்,
மண்வெட்டி புகைவிடாது,
ஹௌவின் சிகரெட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஃபெங் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.
"ஆய்வுக் குழு வந்தால்
எதைப் படம் எடுக்கும்? புல்லையா?"
யாரோ சிரித்தார்கள். நானும்தான்.
பிறகு அவரே சொன்னார்:
"சரி, ஒரு கிளை. சோதனைக்கு.
மற்ற நாலும் வழக்கம்போல."

வழக்கம்போல என்றால் எத்தனை டன் என்று
எனக்கு இப்போது தெரியும்.
தெரிந்தபடி நாலுக்கும் கையெழுத்துப் போட்டேன்.

வசந்தத்தின் இரண்டாவது மழைக்குப் பின்
ஹௌவிடமிருந்து தொலைபேசி.
"உன் புல்கரை இரண்டடி சரிந்துகிடக்கிறது.
கூலி வந்துவிட்டது, அது வேறு.
வந்து பார்."
பின்னணியில் வாத்துகள்,
எந்தக் கிளையிலிருந்து என்று கேட்க மறந்துபோனேன்.

ரப்பர் காலணியைப் பையில் வைத்துக்கொண்டு
ஆறு மணிப் பேருந்தில் ஏறினேன்.
போக வர எண்பது கிலோமீட்டர்.
இதையும் ஒரு கட்டத்தில் எழுத வேண்டும்,
என் பெயருக்கு நேரே.